லாஞ்சு இன்ஜினுக்கு எந்த ஆயில்? ஒரு தடைக்காலச் சண்டை

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 முடியும்வரை சென்னை காசிமேட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெயின்ட் வாசனையும் வெல்டிங் பொறியும்தான். இந்த முறை எங்கள் மாமாவின் லாஞ்சில், அதாவது இழுவலை விசைப்படகில், இன்ஜினையே வெளியே எடுத்தாயிற்று. ஆறு சிலிண்டர் டீசல், லாரியில் ஓடுகிற அதே வகை, பின்னால் மரைன் கியர்பாக்ஸ் மாட்டியது. புது லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் போட்டு, கிராங்கைத் தேய்த்து வாங்கி வந்து, மறுபடி உள்ளே இறக்கி போல்ட் முறுக்கியும் முடித்துவிட்டார்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்பில் ஆயில் ஊற்ற வேண்டிய அன்றைக்குத்தான் சண்டை வந்தது.

மேஸ்திரி சொன்னார்: "நாப்பது நம்பர் சிங்கிள் கிரேடு ஊத்துங்க. முப்பது வருசமா கடலுக்கு அதான்." ஸ்பேர் கடைக்காரர் சொன்னார்: "இவ்வளவு செலவு பண்ணிட்டு சாதா ஆயிலா? சிந்தெடிக் போடுங்க, ஆயிரம் மணி நேரம் தொடவே வேணாம்." டிரைவருக்கு வேறு யோசனை. தெரிந்த ஒருவரிடம் கப்பல் ஆயில் ஒரு பேரல் மலிவாக வருகிறதாம், டப்பாவிலேயே மரைன் என்று போட்டிருக்கிறதாம், அதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும் என்கிறார். மாமா மூன்று பேரையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் மாதவரத்தில் ஒரு லாரி பட்டறையில் பன்னிரண்டு வருஷம் ஸ்டோர் பார்த்தவன். "நீதான மருமவனே பக்கெட் பக்கெட்டா எடுத்துக் குடுத்த? நீ சொல்லு."

உடனே சொல்ல முடியவில்லை. லாரிக்கு என்றால் வாயில் வந்துவிடும். படகுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லாரி இன்ஜினும் லாஞ்சு இன்ஜினும் இரும்பில் ஒன்று, வாழ்க்கையில் வேறு. லாரி ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளும், சிக்னலில் நிற்கும். கடலில் இறக்கம் கிடையாது. வலையை இறக்கி இழுக்க ஆரம்பித்தால் வேகம் என்னவோ மனிதன் நடக்கிற வேகம்தான். ஆனால் இன்ஜின் நாள் முழுக்க ஏற்றம் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதுவும் மூடிய இன்ஜின் அறைக்குள், சூடான காற்றை இழுத்துக்கொண்டு. அப்புறம் சுற்றிலும் உப்பு ஈரம். தடைக்காலம் வந்தால் இரண்டு மாதம் அசையாமல் நிற்கிறது. ஆக, ஆயிலிடம் நாம் கேட்பது நாலு வேலை: சூட்டில் இளகிப் போகாமல் இருப்பது, கரியைச் சுமப்பது, தண்ணீர் கொஞ்சம் வந்தாலும் தாக்குப்பிடிப்பது, நிற்கும்போது துரு ஏறவிடாமல் காப்பது.

முதலில் நம்பர்.

பக்கெட்டில் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். இப்படி இரண்டு நம்பர் இருந்தால் மல்டி கிரேடு; மேஸ்திரி சொல்கிற 40 மாதிரி ஒரே நம்பர் இருந்தால் சிங்கிள் கிரேடு. பின்னால் வருகிற 40 சூடான நிலையில் ஆயிலின் கெட்டித்தனம். 100 டிகிரியில் அளந்தால் 12.5-க்கும் 16.3-க்கும் நடுவில் இருக்க வேண்டும், அலகு செண்டிஸ்டோக். 30 நம்பர் இதைவிட இளக்கம், 9.3-லிருந்து 12.5 வரை. 50 நம்பர் 16.3-லிருந்து 21.9 வரை. முன்னால் இருக்கிற 15டபிள்யூ குளிரில் ஸ்டார்ட் ஆகிற கதை. அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. 15டபிள்யூ-க்கான ஒரு சோதனையை மைனஸ் 20 டிகிரியில் செய்கிறார்கள், இன்னொன்றை மைனஸ் 25-ல். 2003 மே கடைசி நாளில் 45 டிகிரி பார்த்த ஊர் இது. மார்கழி விடியலில் ஸ்வெட்டர் போட்டால் அதுவே நமக்குப் பெரிய குளிர். மைனஸ் 20-ஐ வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம்?

அந்த அளவுக்கு மேஸ்திரி சொல்வது சரி. 40 டிகிரியில் சிங்கிள் கிரேடு 40 சுமார் 140, 150 செண்டிஸ்டோக் இருக்கும். 15டபிள்யூ-40 சுமார் 105-லிருந்து 115. நம்ம ஊரில் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். இன்ஜின் சூடானதும் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். இன்னொரு சங்கதியும் அவர் பக்கம் இருக்கிறது. மல்டி கிரேடு ஆயிலில் சூட்டில் இளகாமல் இருப்பதற்காக ஒரு பாலிமர் கலக்கிறார்கள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் நசுங்கி நசுங்கி அந்தப் பாலிமர் இழைகள் அறுந்துபோகும். மட்டமான சரக்காக இருந்தால் 40 நம்பர் ஊற்றிய ஆயில் பாதி வழியிலேயே 30 நம்பர் ஆகிவிடும். சிங்கிள் கிரேடில் அறுந்துபோவதற்கு எதுவும் இல்லை. பழைய ஆட்கள் "கடல்ல சிங்கிள் கிரேடுதான் நிக்கும்" என்று சொன்னது வெறும் பழக்கத்தில் வந்த பேச்சில்லை, கண்டுதான் சொன்னார்கள்.

சரி, அப்படியானால் ஏன் அதையே ஊற்றக் கூடாது? நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு விஷயம் பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கேதான் மேஸ்திரி தோற்கிறார்.

பக்கெட்டின் பின்பக்கம் ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) என்று போட்டு சில எழுத்துகள் இருக்கும். எஸ்-ல் ஆரம்பித்தால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி-யில் ஆரம்பித்தால் டீசலுக்கு. டீசல் வரிசையில் சிஎஃப்-4 வந்தது 1990-ல். சிஎச்-4, 1998. சிஐ-4, 2002. சிகே-4, 2016. எழுத்து முன்னேற முன்னேற கரியைச் சுமக்கிற சக்தி, பிஸ்டனைச் சுத்தமாக வைத்திருக்கிற சக்தி, சூட்டில் கெட்டுப்போகாத தன்மை எல்லாம் கூடுகிறது. நடுவில் 2004-ல் சிஐ-4 பிளஸ் என்று ஒன்று வந்தது. அதில் கவனித்தவை இரண்டு: கரி சேர்ந்தால் ஆயில் கெட்டியாகிவிடக் கூடாது, பாலிமர் அறுந்து இளகிவிடவும் கூடாது. மேஸ்திரி பயப்படுகிற அதே அறுந்துபோகிற சமாச்சாரம்தான். அவர் இளைஞராக இருந்தபோது பார்த்த மல்டி கிரேடும் இன்றைய சிஐ-4 பிளஸ் மல்டி கிரேடும் ஒன்றில்லை.

நம் கடைகளில் கிடைக்கிற சிங்கிள் கிரேடு 40-ஐப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சிஎஃப், அதற்கும் கீழே சிடி என்றுதான் இருக்கும். ஆக சிங்கிள் கிரேடா மல்டி கிரேடா என்று நாம் போடுகிற சண்டை உண்மையில் ஆயிலில் கலக்கிற பழைய மருந்தா புது மருந்தா என்கிற சண்டை. டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற விசிறி) இல்லாத, மெதுவாக ஓடுகிற பழைய இன்ஜினுக்குச் சிங்கிள் கிரேடு இன்றைக்கும் போதும். ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிற கிழட்டு இன்ஜினுக்கு விலையுயர்ந்த மருந்தை ஊற்றிப் புகையாக விடுவதிலும் அர்த்தம் இல்லை. மாமாவின் இன்ஜினில் டர்போ இருக்கிறது. டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சத்தை நெருங்கிச் சுற்றுகிறது, அதன் பேரிங்குக்கு இதே ஆயில்தான் போகிறது. அங்கே ஆயில் கருகினால் டர்போ போயிற்று.

20டபிள்யூ-50 பற்றி இரண்டே வரி. கேஜில் பிரஷர் ஏறும், மனசுக்கு ஆறுதலாக இருக்கும். தேய்ந்த பேரிங்கை மறைக்கிற ஆறுதல் அது; புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு வேண்டாம்.

அடுத்து டிரைவரின் கப்பல் ஆயில். இந்த மூன்றில் ஆபத்தானது இதுதான். கேட்பதற்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவதும் இதுதான். டீசல் எரியும்போது அதிலுள்ள கந்தகம் அமிலமாகும். அதை முறிக்க ஆயிலில் காரம் சேர்க்கிறார்கள். எவ்வளவு காரம் இருக்கிறது என்பதற்கு டிபிஎன் என்று ஓர் எண். நம் சிஐ-4 ஆயிலில் அது 10-க்குப் பக்கத்தில் இருக்கும். பெரிய கப்பல்கள் எரிப்பது தார் மாதிரி கனமான எண்ணெய், கந்தகம் அதிகம். அதனால் அந்த இன்ஜின்களின் ஆயிலில் டிபிஎன் 30, 40 என்று வைப்பார்கள். இன்னும் பெரிய மெதுவான இன்ஜின்களின் சிலிண்டருக்கு ஊற்றுவது 70-கூட இருக்கும். அவ்வளவு காரமும் சுண்ணாம்புச் சத்துதான், எரிந்தால் சாம்பல். டிபிஎன் 40 ஆயிலை எரித்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு சாம்பல் நிற்கும். சாதாரண லாரி ஆயிலில் ஒன்று, ஒன்றரைதான். அந்தச் சாம்பல் நம் சின்ன இன்ஜினில் பிஸ்டன் தலையிலும் வால்விலும் டர்போவிலும் கல்லாகப் படியும்.

நம் படகில் ஊற்றும் டீசலோ இப்போது ரொம்பச் சுத்தம். பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ் என்கிற மாசுக் கட்டுப்பாட்டு விதி) காலத்தில் கந்தகம் 500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருந்தது. பிஎஸ்-3-ல் 350, பிஎஸ்-4-ல் 50. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபிறகு 10. முறிக்க அமிலமே அவ்வளவாக இல்லாத இடத்தில் நாலு மடங்கு காரத்தை வாங்கி ஊற்றுவது, வயிற்றெரிச்சலே இல்லாதவன் பாட்டில் பாட்டிலாக ஜெலுசில் குடிப்பது மாதிரி. மரைன் என்ற ஒரு வார்த்தையில் கப்பலும் அடங்கும், லாஞ்சும் அடங்கும், ஸ்பீடு போட்டும் அடங்கும். பேரலில் அந்த வார்த்தையைப் பார்த்து வாங்கினால் யாருடைய மரைன் என்று கேட்க வேண்டும். டிரைவர் முகம் சுருங்கிவிட்டது. பேரலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சிந்தெடிக்குக்கு வருவோம். ஆயில் நல்ல ஆயில்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சூட்டில் சீக்கிரம் கெட்டியாகாது, கசடு கட்டாது, குளிரில் உடனே ஓடும். குளிர் நமக்கு இல்லை என்று பார்த்தோம். மீதியிருக்கிற பெரிய லாபம், நீண்ட நாள் மாற்றாமல் ஓட்டலாம் என்பது. படகில் அந்த லாபம் கைக்கு வராது. ஏனென்றால் லாஞ்சில் ஆயில் முதுமையில் சாவது அரிது. கரி, டீசல், உப்புத்தண்ணீர் என்று ஏதாவது ஒன்று கலந்துதான் சாகிறது. கலந்துவிட்டால் எண்ணூறு ரூபாய் ஆயிலும் முந்நூறு ரூபாய் ஆயிலும் ஒன்றுதான், இரண்டையும் கீழே இறக்க வேண்டும். ஆயிரம் மணி நேரம் தொடாதே என்பவர் அந்த ஆயிரம் மணி நேரமும் நம் சம்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

இன்னொரு காரணம், இன்ஜின் புதிதாகக் கட்டியது. ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று உரசிப் படிய வேண்டும். அந்த முதல் ஐம்பது, நூறு மணி நேரத்துக்கு இன்ஜின் புத்தகம் வேறு ஏதும் சொல்லாதவரை சிந்தெடிக் அல்லாத சாதாரண மினரல் ஆயில்தான் தோது. அதுமட்டுமில்லை, சும்மா ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிடாமல் மிதமான லோடு கொடுத்து ஓட்ட வேண்டும். ஐடிலில் விட்டால் லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போய் ரிங் கடைசிவரை படியாது. அப்புறம் புது இன்ஜினே ஆயில் குடிக்கும். கம்ப்யூட்டர் வைத்த, அதிக ஹார்ஸ்பவர் எடுக்கிற புதுவகை இன்ஜினுக்குக் கம்பெனியே சிந்தெடிக் என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, அதைத்தான் ஊற்ற வேண்டும். மாமாவின் இன்ஜின் அந்த ஜாதி இல்லை.

சிகே-4 ஊற்றலாமா என்று மாமாவின் பையன் கேட்டான், மொபைலில் பார்த்துவிட்டு. தாராளமாக ஊற்றலாம், சிஐ-4 கேட்கிற இன்ஜினுக்கு அது ஒத்துப்போகும். ஆனால் அதில் சாம்பலுக்கு ஒரு சதவீதம் என்று கட்டுப்பாடு வைத்தது புகைபோக்கியில் ஃபில்டர் மாட்டிய லாரிகளுக்காக. நம் லாஞ்சின் புகைபோக்கியில் என்ன இருக்கிறது? மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு தகர மூடி. விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் எடு, பெரிதாக இருந்தால் விடு என்றேன்.

லூஸ் ஆயில் என்று ஒன்று உண்டு. பேரலிலிருந்து பம்பு அடித்துக் கேனில் தருவார்கள், நிறம் அழகாக இருக்கும். பழைய ஆயிலை வடிகட்டி நிறமேற்றியதாக இருக்கலாம், நல்லதாகவும் இருக்கலாம். கேனைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. மூடியில் சீல், பக்கெட்டில் பேட்ச் எண், கடைக்காரர் பில் மூன்றும் இல்லாத ஆயிலை நான் கதவு கீலுக்குத்தான் விடுவேன். சர்வோ, மாக், காஸ்ட்ரால், கல்ஃப், வீடால் என்று எந்தப் பெயரானாலும் ஒரே நம்பர், ஒரே எழுத்து, அசல் சரக்கு என்றால் எனக்குச் சம்மதம். பெயருக்காக நான் சண்டை போடுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

இப்போது, இந்த இன்ஜினை ஏன் வெளியே எடுக்க வேண்டி வந்தது என்ற கதை. ஆயில் பேச்சில் எல்லாரும் மறந்துவிடுகிற இடம் இதுதான்.

போன வருஷக் கடைசியில் டிரைவர் ஒரு நாள் போனில் சந்தோஷமாகச் சொன்னார்: "மாமா, இந்தத் தபா ஆயில் ஒரு சொட்டுகூடக் குறையல." அதுவரை ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு, மூன்று லிட்டர் டாப்-அப் போட்டுக்கொண்டிருந்த இன்ஜின். திடீரென்று குடிப்பதை நிறுத்திவிட்டதாம். மாமாவுக்கும் சந்தோஷம். அடுத்த பயணத்தில் ஆயில் ஏறியிருந்தது. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் மேலே அரை விரல். அப்போதும் யாரும் சந்தேகப்படவில்லை. போன முறை அதிகமாக ஊற்றிவிட்டோம் போல என்று விட்டுவிட்டார்கள். கரைக்கு வந்து நான் ஆயில் மூடியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தில் காபி மேல் படிகிற ஆடை மாதிரி வெளுத்த நுரை. டிப் ஸ்டிக்கை இழுத்தால் கறுப்பாக வரவேண்டியது பால் அதிகமாகிப்போன டீ நிறத்தில் வந்தது.

ஆயில் கூலரில், அதாவது கடல்தண்ணீரை வைத்து ஆயிலைக் குளிர்விக்கிற பெட்டியில், குழாய் ஒன்று ஓட்டை. இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் அதிகம், அதனால் ஆயில் வெளியே போகிறது. நிறுத்தினதும் கடல்தண்ணீர் உள்ளே வருகிறது. போனதும் வந்ததும் கணக்கு நேராகி, டிப் ஸ்டிக்கில் குறையாமல் நின்றிருக்கிறது. உப்பு பேரிங்கின் மென்மையான உலோகத்தை அரித்துவிட்டது. அதுதான் இந்த வருஷச் செலவு. அன்றைக்குச் சம்பில் இருந்தது நல்ல கம்பெனியின் நல்ல ஆயில்தான். உலகத்திலேயே விலை அதிகமான ஆயில் இருந்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும்.

அன்றிலிருந்து மாமா லாஞ்சில் இரண்டு சோதனை கட்டாயம். முதலாவது தோசைக்கல். கேலி இல்லை. பழைய தவா ஒன்றை ஸ்டவ்வில் நன்றாகச் சூடேற்றி அடுப்பை அணைத்துவிட்டு, டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரே ஒரு சொட்டு ஆயில் விட வேண்டும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று பொரியும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இரண்டாவது காகிதம். கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பில்லாத பக்கத்தில் ஒரு சொட்டு சூடான ஆயில் விட்டு இரவு முழுக்க வைத்தால், காலையில் வட்டம் வட்டமாகப் பரவியிருக்கும். நடுவிலிருந்து ஓரம்வரை கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு போனால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் கறுப்புப் பொட்டு ஒரே இடத்தில் கெட்டியாக உட்கார்ந்து, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் இருந்தால் கரியைச் சுமக்கிற சக்தி தீர்ந்தது, மாற்றிவிட வேண்டியதுதான். லேபில் கொடுத்துப் பார்ப்பதற்கு இது ஈடாகாது, ஆனால் காசிமேட்டில் ராத்திரி பத்து மணிக்கு எந்த லேப் திறந்திருக்கும்?

கடல்தண்ணீரையே நேராக இன்ஜினுக்குள் ஓடவிட்டுக் குளிர்விக்கும் சின்னப் படகுகளில் இன்னொரு தொந்தரவு. உப்பு படியாமல் இருக்க அந்த இன்ஜின்களை 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ஆயில் நன்றாகச் சூடேறாது. ஏறினால்தானே உள்ளே சேர்ந்த ஈரமும் டீசலும் ஆவியாகும். அப்படிப்பட்ட படகுக்கு ஆயில் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும், எந்த வகை ஊற்றினாலும்.

பெட்ரோல் இன்போர்டு, அதாவது படகுக்குள்ளேயே மாட்டிய பெட்ரோல் இன்ஜின், வைத்திருப்பவர்கள் நம் ஊரில் கொஞ்சம்தான், உல்லாசப் படகு, ஸ்பீடு போட் ஆட்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: கார் ஆயில் மிச்சமிருக்கிறது என்று ஊற்றாதீர்கள். இன்றைய கார் ஆயில் மைலேஜுக்காக இளக்கமாகச் செய்தது. படகு இன்ஜினோ நாலாயிரம் ஆர்பிஎம்மில் நின்று ஓடும், பெட்ரோல் கலந்து ஆயில் மேலும் இளகும். மரைன் பெட்ரோல் ஆயிலில் எஃப்சி-டபிள்யூ என்று முத்திரை பார்த்து, இன்ஜின் புத்தகம் கேட்கிற நம்பரில் வாங்குங்கள். 10டபிள்யூ-40, 25டபிள்யூ-40 இரண்டும் அந்த வகையில் கிடைக்கும். படகின் பின்னால் தொங்குகிற நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்காக வந்த முத்திரை அது; உப்பு ஈரத்தில் துரு பிடிக்கிறதா என்று தனியாகச் சோதிக்கிறார்கள். டிசி-டபிள்யூ3 என்பது வேறு, பெட்ரோலோடு கலக்கிற டூ ஸ்ட்ரோக் ஆயில். எழுத்து ஒரே மாதிரி இருக்கும், குழம்பிவிடக் கூடாது.

காசுக் கணக்கு இல்லாமல் மாமாவை ஒத்துக்கொள்ள வைக்க முடியாது. சம்பு 18 லிட்டர் பிடிக்கிறது. லூஸ் ஆயில் லிட்டர் 180 என்று வைத்தால் 3,240 ரூபாய். சிஐ-4 பிளஸ் மினரல் 350 என்றால் 6,300. சிந்தெடிக் 800 என்றால் 14,400. பத்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் போனால் இன்ஜின் சுமார் 200 மணி நேரம் ஓடும். மணிக்கு 15 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றாலும் 2,76,000 ரூபாய் டீசலுக்கே போகிறது. அதில் ஆயில் 6,300 என்பது நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம். லூஸ் ஆயிலில் மிச்சம் பிடிக்கிற 3,060 ரூபாய் ஐஸ் செலவுக்குக்கூட வராது. மறுபக்கம், சிந்தெடிக்கை 250 மணி நேரத்தில் இறக்கினால் எட்டாயிரம் ரூபாயைக் கடலில் கொட்டின மாதிரி. அந்த எட்டாயிரத்தில் ஆயில் கூலரை ஒவ்வொரு தடைக்காலத்திலும் கழற்றி, பிரஷர் வைத்துச் சோதித்து, உப்பின் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்கிற ஜிங்க் கட்டையை மாற்றி வைத்துவிடலாமே என்றேன். மாமா மறுபேச்சு பேசவில்லை. கூலர் என்ற வார்த்தையே இப்போது அவருக்குப் போதும்.

கடைசியில் முடிவானது: 15டபிள்யூ-40, சிஐ-4 பிளஸ், மினரல், சீல் வைத்த 20 லிட்டர் பக்கெட். முதல் மாற்றம் 50 மணி நேரத்தில், ஃபில்டரோடு சேர்த்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு தங்கல் முடிந்து வந்ததும், அதாவது 200, 250 மணிக்குள். மணிக்கணக்கை இன்ஜின் அறைக் கதவின் உட்பக்கம் சாக்பீஸில் எழுதுவது டிரைவர் பொறுப்பு. இன்னொன்றும் சேர்த்துக்கொண்டோம்: அடுத்த தடைக்காலத்துக்குப் படகைக் கட்டுவதற்கு முன்னாலேயே ஆயில் மாற்றிவிட வேண்டும். கரியும் அமிலமும் ஈரமும் சேர்ந்த பழைய ஆயிலில் பேரிங்கை 61 நாள் ஊறவைத்துவிட்டு ஜூனில் புதிது ஊற்றுவதுதான் இங்கே பலரின் வழக்கம். எங்கள் வழக்கமும் அதுவாகத்தான் இருந்தது.

பழைய இன்ஜினைப் பிரிக்காமல், சிங்கிள் கிரேடிலிருந்து இப்படி மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புது ஆயில் உள்ளே ஒட்டியிருக்கிற பழைய கசடைக் கரைத்து எடுக்கும். ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். முதல் தடவை நூறு மணியிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது நல்லது. கறுத்துப் போகிறதே என்று பயப்பட வேண்டாம், டீசல் இன்ஜினில் கறுக்காத ஆயில்தான் வேலை செய்யாத ஆயில். இறக்கிய பழைய ஆயிலைத் துறைமுகத் தண்ணீரில் சாய்க்காமல் டிரம்மில் சேர்த்து வைத்தால் எடுத்துப்போக ஆள் வருகிறது, காசும் தருகிறார்கள்.

ஊற்றி முடித்து மூடியைப் போட்டபோதுதான் மாமா கேட்டார், "கியருக்கு?" எல்லாரும் கியர்பாக்ஸின் பித்தளைத் தகட்டைக் குனிந்து பார்த்தோம். மேலே பெயின்ட் படிந்திருந்தது. மேஸ்திரி பெட்ரோல் துணியால் துடைத்தார். எஸ்ஏஇ 40, சிங்கிள் கிரேடு என்று பொறித்திருந்தது. ஹைட்ராலிக் கிளட்ச் வைத்த மரைன் கியர்கள் பலவற்றுக்கு மல்டி கிரேடு ஆகாது என்றே கம்பெனிகள் எழுதுகின்றன, காரணம் அதே பாலிமர்தான். பல்சக்கரங்களுக்கு நடுவில் அது இன்னும் வேகமாக அறுந்துபோகும். சில சின்ன கியர்கள் கார் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயிலைக் கேட்கும். தகட்டைப் பார்க்காமல் ஊற்றவே கூடாத இடம்.

மேஸ்திரி எதுவும் சொல்லவில்லை. தன் வண்டியிலிருந்து அவருடைய நாற்பது நம்பர் கேனை எடுத்துவந்து, திறந்து, நிதானமாக ஊற்றினார். "நான் சொன்னது வேஸ்ட்டாப் போவல பாரு" என்றார், கியர்பாக்ஸிடம். மீதி நாலு லிட்டர் இன்ஜின் அறையிலேயே இருக்கட்டும் என்று வைத்தார்கள். பக்கத்திலேயே டாப்-அப்புக்கு வாங்கிய 15டபிள்யூ-40 கேன், அளவும் நிறமும் ஒன்றேபோல். நான் மாமாவின் பையனிடம் பெயின்ட் பிரஷ் கேட்டு வாங்கி, ஒன்றில் 'கியர்' என்றும் மற்றதில் 'இன்ஜின்' என்றும் எழுதிவிட்டு, காய்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.